கச்சேரி உபயம்: லட்சுமணன்

கச்சேரிக்குப் போனால் முதல் வரிசையில் உட்காரக் கூடாது சார். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முன்னால் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் பெட்டியின் இடி நெஞ்சில் விழும், பாட்டு தலைக்கு மேலே போய்விடும். ரொம்பப் பின்னால் போனாலோ சுண்டல் விற்கிறவன் குரல்தான் கேட்கும். மூன்றாவது வரிசை, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. அதுதான் இடம். மணிமாலைக் குழுவின் அக்கார்டியன்காரர் பட்டாபி எப்போதும் மேடையின் இடது ஓரம்தான் நிற்பார். அந்தப் பெட்டியின் துருத்தி விரியும்போது உள்ளே காற்று போகிற சத்தம்கூட மூன்றாவது வரிசைக்குக் கேட்கும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காசியம்மா அக்கா உங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறார் என்று ஏட்டு வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எங்கள் பக்கத்து வீடு. என் அக்கா லோகநாயகிக்கு உயிர்த் தோழி. போன வருஷம் ஆடியில் அக்கா இறந்தபோது குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட்டதே அவர்தான். கல்யாணமாகாதவள் என்பதால் எங்கள் வழக்கப்படி அவளை எரிக்கவில்லை, ஏரிக்கரையில் புதைத்தோம். இப்போது தாசில்தாரை வைத்துத் தோண்டப் போகிறார்கள் என்றார் ஏட்டு. அது வேண்டாம் சார். மண்ணைப் போட்டு மூடியவளை மறுபடி வெயிலில் கிடத்த வேண்டாம். அதற்காகத்தான் நானே நடந்து வந்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான். அவள் அணுபுரம் குடியிருப்புப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். நான் அதே குடியிருப்பின் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டினேன். சொந்த வேன். மணிமாலை இன்னிசைக் குழுவை எனக்குக் காட்டியவள் அக்காதான். தொண்ணூற்றொன்றில், நான் லைசென்ஸ் வாங்கிய வருஷம், செங்கல்பட்டில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனாள். அப்போதே அந்தக் குழுவில் எல்லோருக்கும் காதோரம் நரைத்திருந்தது. பாடுகிற வரதனும் காமுவும் பழைய பாட்டுகளை மட்டும்தான் தொடுவார்கள். புதுப்படப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்தால் பட்டாபி சிரித்துக்கொண்டே மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அன்றைக்கு வரதன் ஒரு சோகப் பாட்டைப் பாடினார். அதன் கடைசியில் ஒரு இழுவை வரும். ஒரே மூச்சு. வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு அவர் குரல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மைதானமே அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு நோய், ஆஸ்துமா. அவளும் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். பாதியிலேயே விட்டுவிட்டு இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் அந்தப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் போன இடமெல்லாம் நானும் போனேன். மதுராந்தகம், உத்திரமேரூர், திருப்போரூர், பொங்கலுக்கு மாமல்லபுரம். சென்னையில் டிக்கெட் வைத்து நடத்தினால் அதற்கும். சம்பாதித்ததில் பாதி பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் கலைஞர்களுக்குப் போடுகிற மாலைக்கும் போயிற்று. வாசலில் நின்று தலை சீவும்போது அக்கா கேலி செய்வாள்.

"மாமியார் வூட்டுக்குப் போறவன்கூட இவ்ளோ ஷோக்கா கெளம்ப மாட்டான்டா. உனுக்குப் பொண்ணு தேடறத வுட்டுட்டு அந்த பட்டாபிக்கே உன்னைத் தத்து குடுத்துடலாம் போல கீது."

ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த ஒரே பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்புவேன். கீழே 'விரும்பிக் கேட்பவர் லட்சுமணன்' என்று எழுதியிருப்பேன். பாட்டைப் பாடுவார்கள், சீட்டை மட்டும் படிக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் அதே பாட்டைக் கேட்கும்போது என் பெயரை எதற்குப் படிக்க வேண்டும்? நியாயம்தான். ஆனாலும் வரதன் வாயிலிருந்து என் பெயர் மைக்கில் வர வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. சிரிக்காதீர்கள். சிலருக்கு வீடு, சிலருக்கு நிலம். எனக்கு இது.

எங்கள் ஊர் வழக்கத்தையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கூழ் வார்த்து, காப்பு அவிழ்க்கிற வரைக்கும் கையில் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்குள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். கோயில் நடை சாத்திவிடுவார்கள். பம்பை கிடையாது, கூழ் கிடையாது, மைக் செட்டையும் அவிழ்த்துவிடுவார்கள். அந்த வருஷத்துத் திருவிழா அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில் அப்படித்தான் ஆயிற்று. ஊரில் காசு வசூலித்து மணிமாலையைக் கூப்பிட்டிருந்தோம். கச்சேரி அன்று மத்தியானம் முனிசாமித் தாத்தா இறந்துபோனார். குழுவின் வண்டி ஊர் எல்லை வரைக்கும் வந்து நின்றது. நான் மாலைகளோடு ஓடினேன். பட்டாபி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டி, "இன்னொரு தடவை வரோம்பா, மனசு விடாதே" என்றார். வண்டி திரும்பிப் போயிற்று. சாவு வீட்டில் நான் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்து, முனிசாமி மேல் இவனுக்கு இவ்வளவு பாசமா என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அவருடைய மகனே என்னைத் தேற்றினான்.

போன வருஷம் தைக் கடைசியில் வரதனைக் காஞ்சிபுரத்தில் பார்த்தேன். கீபோர்டும் ஆட்டக்காரிகளும் வந்த பிறகு தங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்றார். பட்டாபிக்குக் கை நடுங்குகிறதாம். இந்த வருஷத்தோடு குழுவைக் கலைத்துவிடப் போவதாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். வேனை விற்றால் ஆடிக்கு முழுக் கச்சேரியையும் நாமே உபயம் பண்ணலாம் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"வித்துடு," என்றாள், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "வண்டி இன்னா, நாளிக்கு வாங்கிக்கலாம். அந்த ஆளு நாளிக்குப் பாடுவாரா?"

இதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ள வேண்டும் சார். அந்தக் கச்சேரி அவளுக்கும் சேர்த்துத்தான். நோட்டீஸில் அவள் பெயரையும் போட்டேன்.

உபயக்காரன் என்பதால் எனக்கும் கையில் காப்புக் கட்டினார்கள். அதற்கு முந்தின நாள் செங்கல்பட்டுக்குப் போய்க் குழுவினருக்குச் சால்வை வாங்கினேன். அக்காவின் இழுப்புக்கு அடிக்கிற பம்ப் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கிவா என்று சொல்லியிருந்தாள். மருந்துக்கடை சால்வைக் கடைக்கு அடுத்த கடைதான். வரதனுக்கு அரக்கு நிறமா மயில் கழுத்து நிறமா என்று பார்ப்பதிலேயே அது மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னதும், "பரவால்ல வுடு, ரெண்டு நாளு சமாளிச்சுக்கறேன்" என்றாள். சால்வையைத் தடவிப் பார்த்து அரக்கே நல்லது என்றாள்.

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை அவளை அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. கோயில் முன்னால் விறகடுப்பு மூட்டி அண்டா வைத்திருந்தார்கள். காசியம்மா அக்காவோடு சேர்ந்து இவளும் துடுப்புப் போட்டாள். மத்தியானம் வீட்டுக்கு வரும்போதே தோள் ஏறி ஏறி இறங்கியது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டாள். அவள் மூச்சிழுக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"டேய், துரை ஆட்டோவைக் கூப்புடுடா," என்றாள். "முடியல."

துரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான். கோயில் வாசலில் கூழ் வாங்கக் குவளையோடு நின்றுகொண்டிருந்தான். நான் யோசித்தேன். இழுப்பு அவளுக்குப் புதிதில்லை, எத்தனையோ முறை வந்து தானே அடங்கியிருக்கிறது. என் கையில் காப்பு, நான் எல்லை தாண்டக் கூடாது. அவளைத் தனியாகத் துரையோடு அனுப்பலாம். ஆனால் ஆட்டோ ஊருக்கு வெளியே போனால் ஊர்த்தலைவர் என்ன ஏது என்று கேட்பார். வழியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதே ஆட்டோ திரும்பி வரும். பட்டாபியின் வண்டி மறுபடி எல்லையில் நிற்கும். வேன் போனது போனதுதான். குழுவும் போனது போனதுதான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுக்கா, சுடுதண்ணி வெச்சுத் தரேன், ஆவி புடி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் எப்போதும் எனக்கு விட்டுக்கொடுக்கிறவள்.

தண்ணீர் கொதிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம். கையைப் பிடித்து நாடி பார்த்தேன், இல்லை. நான் டிரைவர்தான், டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் இல்லை. இறந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். இறந்தவளுக்கு இனி செய்வதற்கு என்ன இருக்கிறது? அவள் கேட்க ஆசைப்பட்ட பாட்டு ஊரில் ஒலிப்பதுதான். ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விடிந்து காப்பு அவிழ்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவளைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்துப் போர்த்தினேன். ஈ மொய்க்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தினேன். கதவை வெளியே பூட்டினேன்.

காசியம்மா அக்கா ஒரு சொம்பில் கூழோடு எதிரே வந்தார்.

"லோகா இன்னாடா பண்ணிகினு கீது? அப்பவே மூச்சு வாங்கிகினு போச்சு."

"தலவலிக்கா. படுத்துகினு கீது. எழுப்பாத."

"கச்சேரிக்கு வருமில்ல?"

"வராம இருக்குமா? மெதுவா வரும்."

சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கூழை நான் குடித்தேன். பசியாக இருந்தது.

வெயில் இறங்கும்போது மணிமாலையின் வண்டி எல்லை தாண்டி ஊருக்குள் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை சார். பெட்டிகளை நானே இறக்கினேன். ஜெனரேட்டர் வண்டியையும் நான்தான் நிறுத்த இடம் காட்டினேன். அதை ஓட்டி வந்த தமிழ்வாணன் வழக்கம்போல் பள்ளிக்கூடத்துப் பின்னால் போனான். நான் மறித்தேன்.

"எப்பவும் இங்கதான அண்ணாத்த வுடுவோம்?"

"இங்க வேணாம். பட்டாபி அக்கார்டியன் வாசிக்கறப்ப இந்தச் சத்தம் மேடையில மோதும். எங்க வூட்டு சந்துல வுடு. ஜன்னல் ஓரமா, செவுத்த ஒட்டி."

"வூட்ல ஆளு கீதா? பொகை அடிக்குமே."

"யாரும் இல்ல. எல்லாம் கச்சேரிக்கு வந்துடும்."

கேபிள் போதவில்லை என்று முணுமுணுத்தான். நானே பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கி இணைத்துக் கொடுத்தேன். கச்சேரி கேட்கத் தெரிந்தவன் செய்கிற வேலை அது. அன்றைக்கு மேடைச் சத்தம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உபயக்காரனுக்கு முதல் வரிசையில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். மாற்றச் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் அக்காவுக்கென்று வாங்கியிருந்த சால்வையை மடித்து வைத்தேன், அவள் வருவாள் என்று எல்லோரும் நினைக்கட்டும் என்று. பிறகு வரதன் மைக்கைப் பிடித்தார். முடிக்கு மை பூசியிருந்தார், கழுத்து மட்டும் கிழடு. "இன்றைய கச்சேரியின் உபயம், எங்கள் அன்புக்குரிய லட்சுமணன், அவருடைய தமக்கை லோகநாயகி" என்றார். ஊர் கை தட்டியது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்துப் படித்தார். விரும்பிக் கேட்பவர் லட்சுமணன். பதிமூன்று வருஷம் சார்.

கடைசி இழுவை வந்தது. வாத்தியங்கள் நின்றன. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது, பிள்ளைகள் உட்பட. அந்த அமைதியில் நான் பாட்டைக் கேட்கவில்லை. எங்கள் சந்துப் பக்கம்தான் காதை வைத்திருந்தேன். ஜெனரேட்டர் தூரத்தில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. வரதன் அன்றைக்குப் பிடித்த மூச்சைப்போல் வாழ்நாளில் பிடித்ததில்லை என்று பட்டாபி பிற்பாடு சொன்னார்.

கச்சேரி முடிந்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டு எல்லை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து பூட்டைத் திறந்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. தள்ளினேன். அக்கா கதவடியில் கிடந்தாள். நான் அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தேன். உடம்பு விறைக்கும்போது சரிந்து விழுவது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தையல் மிஷின் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். தூக்கி மறுபடி கட்டிலில் போட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

காலையில் காப்பு அவிழ்த்த கையோடு வெளியே வந்து சொன்னேன். ஊர் திரண்டது. குளிப்பாட்டும்போது காசியம்மா அக்கா மூக்கில் பஞ்சு வைத்தார். பஞ்சு கறுத்து வந்தது. வேறு பஞ்சு வைத்தார், அதுவும் கறுத்தது.

"இன்னாடா லட்சுமணா, மூக்குல இவ்ளோ கரி கீது?"

"கூழு அடுப்புப் பொகைக்கா. நீயும்தான துடுப்புப் போட்ட."

அவர் பஞ்சை முகர்ந்து பார்த்தார். விறகுப் புகைக்கும் டீசல் புகைக்கும் வித்தியாசம் தெரியாதவரில்லை. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். என்னைப் பார்த்தார். பஞ்சைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பேன் என்று ஒரு வருஷம் காத்திருந்தார் போல. இந்த ஆடிக்கு ஊர்க்கூட்டம் போட்டபோது, ஜெனரேட்டரே வேண்டாம், கரண்டு போதும் என்று நான்தான் எழுந்து சொன்னேன். ஏன் என்று தலைவர் கேட்டார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காசியம்மா அக்கா கூட்டத்திலிருந்து எழுந்து போனார். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறார்.

நான் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். டிசம்பரில் திருவிடந்தைப் பக்கம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் மணிமாலையின் கடைசிக் கச்சேரி. பெரிய டிக்கெட். கடன் வாங்கிப் போனேன். மூன்றாவது வரிசை, இடப்பக்கம், நான் சொன்னேனே அதே இடம். பட்டாபி துருத்தியை விரித்தார். உள்ளே காற்று போகிற சத்தம் கேட்டது. அது அக்கா மூச்சிழுக்கிற சத்தம். மூடும்போது விடுகிறாள், விரிக்கும்போது இழுக்கிறாள். பக்கத்தில் இருந்தவரிடம் உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். என்னால் முடியவில்லை, பயமாக இருந்தது, எழுந்து வெளியே போனேன். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஓட்டல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு கச்சேரி முடியும் வரைக்கும் நின்றேன். அங்கேதான் நிம்மதி. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

இப்போது வீட்டில் தூங்குவதில்லை. கதவில்லாத இடமாகப் பார்த்துப் படுக்கிறேன். கோயில் மண்டபம், பஸ் நிழற்குடை, எங்கேயாவது.

அவ்வளவுதான் சார். படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் படித்ததில் ஒரு இடம் மட்டும் திருத்த வேண்டும். 'புகையால் மூச்சடைக்கச் செய்யும் எண்ணத்தோடு ஜெனரேட்டரை ஜன்னலோரம் நிறுத்தினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம். பெற்றவளுக்கு மேலாக என்னை வளர்த்தவளை அப்படிச் செய்வேனா? தமிழ்வாணன் சொன்னபோதுகூடப் புகையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவள் கதவைத் தட்டுகிற சத்தம் மேடை வரைக்கும் வந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.